பழைய கணினியை ஃபார்மேட் செய்யும் முன்: ரீப்பர் புராஜெக்ட்டை விண்டோஸிலிருந்து மேக்குக்குக் கொண்டுபோவது

கேள்வி: விண்டோஸ் கணினியில் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் பாட்டு அமைத்து வந்தேன். இப்போது ஆப்பிளின் எம் வகைச் சிப் உள்ள மேக் வாங்கியிருக்கிறேன். பழைய கணினியின் ‘காமன் ஃபைல்ஸ்’ உள்ளே இருந்த விஎஸ்டி3 ஃபோல்டரையும், டிஎல்எல் ப்ளக்-இன்களையும் (ரீப்பருக்குள் ஓடும் வாத்திய, எஃபெக்ட் துணைநிரல்கள்) அப்படியே மேக்கின் ப்ளக்-இன் ஃபோல்டரில் போட்டுப் பார்த்தேன். ஸ்கேனில் ஒன்றுகூட வரவில்லை. பிறகு சிலவற்றுக்கு மேக் இன்ஸ்டாலரை இறக்கிப் போட்டேன், வந்தன. ஆனால் ஒரு பாட்டில் ரிவெர்ப் வேறு மாதிரி கேட்கிறது; ஃபில்டருக்கு வரைந்த ஆட்டோமேஷன் (நாபைத் தானாகத் திருப்பும் கோடு) வேறு நாபைத் திருப்புகிறது; பதிவுசெய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் காண்டாக்ட் ‘சாம்பிள் எங்கே’ என்று கேட்கிறது. சில பழைய இலவச சிந்த்கள் (ஒலியை உருவாக்கும் மென்பொருள் வாத்தியங்கள்) மேக்கில் கிடைக்கவே இல்லை. அடுத்த வாரம் பழைய கணினியை ஃபார்மேட் செய்து தம்பிக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர் லினக்ஸில் ரீப்பர் வைத்திருக்கிறார். அவரும் இதே புராஜெக்ட்களைத் திறக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஃபார்மேட்டைத் தள்ளிப் போடுங்கள். தம்பி இன்னும் சில வாரம் பொறுத்துக்கொள்ளட்டும். உங்கள் பாட்டுகள் எப்படி ஒலிக்க வேண்டுமோ அப்படி ஒலிக்கிற ஒரே இடம் இப்போதைக்கு அந்தக் கணினிதான். மேக்கில் மெனக்கெட்டுச் சரிசெய்ய நினைக்கும் பலவற்றை அங்கே சில நிமிடத்தில் முடித்துவிடலாம். அது போய்விட்டால் சிலவற்றை எப்போதுமே சரிசெய்ய முடியாது.

நகலெடுத்த ப்ளக்-இன்கள் ஏன் வரவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். விஎஸ்டி3 என்பது ப்ளக்-இனும் ரீப்பரும் பேசிக்கொள்ளும் முறைக்குப் பெயர். உள்ளே இருக்கும் நிரல் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தொகுக்கப்பட்டது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் கோப்பின் நீட்டிப்பு ஒன்றாகவே இருப்பதால் ஏமாறுவது எளிது. விண்டோஸ் விஎஸ்டி3 உள்ளே இருப்பது டிஎல்எல்தான்; மேக் அதைத் தொடக்கூட முடியாது. ஆகவே நகலெடுத்துப் போட்ட அத்தனையையும் மேக்கிலிருந்து அழித்துவிடுங்கள். அவற்றால் பயன் எதுவும் இல்லை, பின்னால் எது உண்மையான மேக் பிரதி என்று குழப்பம்தான் வரும். ப்ளக்-இன் ஒவ்வொன்றையும் அதைச் செய்தவர்களின் மேக் இன்ஸ்டாலர் மூலமே போட வேண்டும். கட்டணம் கொடுத்து வாங்கிய பெரும்பாலான ப்ளக்-இன்களுக்கு ஒரே லைசென்ஸ் இரண்டு இயங்குதளத்துக்கும் செல்லும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, புராஜெக்ட் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். ரீப்பரில் இது எளிது. அதன் ஆர்பிபி கோப்பு வெறும் டெக்ஸ்ட். ஒரு பிரதி எடுத்து நோட்பேடில் திறந்தால், ஒவ்வொரு டிராக்கின் கீழும் எஃபெக்ட் செயின் பகுதி வரும். அதில் ஒவ்வொரு ப்ளக்-இனுக்கும் ஒரு தலைப்பு வரி இருக்கும். வரியின் தொடக்கத்தில் விஎஸ்டி, ஏயூ (மேக்குக்கு மட்டும் உரியது), கிளாப் (விஎஸ்டி போன்ற இன்னொரு முறை), ஜேஎஸ் (ரீப்பரின் சொந்த நிரல்வரி) என்று வகை. அடுத்து மேற்கோள் குறிக்குள் ப்ளக்-இனின் பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் ‘விஎஸ்டி’ என்று மட்டும் இருந்தால் அது பழைய விஎஸ்டி2, ‘விஎஸ்டி3’ என்று இருந்தால் புதியது. பிறகு கோப்பின் பெயர், அதன்பின் ஒரு நீண்ட எண். விஎஸ்டி3 ஆனால் நெளிவு அடைப்புக்குறிக்குள் 32 இலக்கத்தில் ஓர் அடையாளமும் சேரும். அதற்குக் கீழே பொருள் விளங்காத எழுத்துக் குவியல் பல வரிகளுக்கு ஓடும். நீங்கள் திருப்பி வைத்த நாப்கள், தேர்ந்த பிரீசெட், சாம்பிள் இருக்கும் பாதை எல்லாம் அந்தக் குவியலில்தான் இருக்கின்றன.

அவ்வளவுதான் புராஜெக்ட். ப்ளக்-இன் அதற்குள் இல்லை, சாம்பிள் இல்லை, ரிவெர்ப் பயன்படுத்தும் இம்பல்ஸ் (ஓர் அறையின் எதிரொலிப் பதிவு) கோப்பும் இல்லை. ‘இந்த அடையாளம் கொண்ட ப்ளக்-இனைக் கூப்பிட்டு இந்தக் குவியலை அதன் கையில் கொடு’ என்ற கட்டளை மட்டுமே இருக்கிறது. நீங்கள் கேட்ட தொல்லைகள் எல்லாம் இந்தக் கட்டளையில் ஏதோ ஓர் இடம் அறுபடுவதால் வருபவை.

இந்த வரிகளைப் படித்தாலே எது தாண்டும், எது தாண்டாது என்று பிரித்துவிடலாம். ஜேஎஸ் என்று இருப்பவை பற்றிக் கவலையே வேண்டாம். அவை தொகுக்கப்படாத நிரல்வரிகள். ரீப்பர் ஓடும் எந்தக் கணினியிலும் அங்கேயே தொகுக்கப்படும். நீங்களாகச் சேர்த்த ஜேஎஸ் இருந்தால் ரீப்பரின் ரிசோர்ஸ் ஃபோல்டரில் உள்ள எஃபெக்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்புகளை மட்டும் நகலெடுங்கள். நகலெடுத்தால் வேலை செய்கிறவை இவை மட்டும்தான். ரியாஇக்யூ, ரியாகாம்ப், ரியாவெர்ப் போன்ற ரீப்பரின் சொந்தக் கருவிகளும் மூன்று இயங்குதளத்திலும் உண்டு. விஎஸ்டி3, கிளாப் இரண்டும் மேக் பதிப்பு இருந்தால் பெரும்பாலும் சிக்கலின்றித் திறக்கும்.

உண்மையான தொல்லை விஎஸ்டி2-இல்தான். ஸ்டைன்பர்க் 2008-இல் விஎஸ்டி3-ஐ வெளியிட்டது. 2018 அக்டோபருக்குப் பிறகு விஎஸ்டி2-க்குப் புதிதாக உரிமம் தருவதை நிறுத்தியது. அதனால் பல நிறுவனங்கள் தங்கள் மேக் இன்ஸ்டாலரில் விஎஸ்டி2-ஐச் சேர்ப்பதே இல்லை. உங்கள் புராஜெக்ட் விஎஸ்டி2 பதிப்பைத் தேடும். மேக்கில் அதே ப்ளக்-இன் விஎஸ்டி3 ஆக மட்டும் இருக்கும். ‘என் பழைய விஎஸ்டி2-க்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளலாம்’ என்று விஎஸ்டி3 பதிப்பில் அதைச் செய்தவர் எழுதி வைத்திருந்தால் மட்டுமே ஹோஸ்ட், அதாவது ரீப்பர், மாற்றிக்கொள்ளும். எழுதாமல் விட்டவர்கள் நிறைய. அப்போது பெயர் ஒன்றாக இருந்தாலும் ஹோஸ்டின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு ப்ளக்-இன்.

இந்த மாற்றத்தைப் பழைய கணினியிலேயே செய்யுங்கள். முதலில் புராஜெக்ட்டை வேறு பெயரில் சேமியுங்கள். விஎஸ்டி2 இருக்கும் டிராக்கில் அதன் கீழேயே அதே ப்ளக்-இனின் விஎஸ்டி3 பதிப்பைச் சேருங்கள். விஎஸ்டி2 சாளரத்தில் ப்ளக்-இனின் சொந்த பிரீசெட் மெனுவில், அதாவது ரீப்பரின் மேல்பட்டையில் இருப்பதில் அல்ல, அமைப்பைச் சேமித்து விஎஸ்டி3-இல் திறங்கள். வல்ஹல்லா ரிவெர்ப்கள் போன்ற சிலவற்றில் அமைப்பை கிளிப்போர்டுக்கு நகலெடுக்கும் வசதியே உண்டு. டெக்ஸ்ட்டாக வருவதால் அதை மெயிலில்கூட அனுப்பலாம். ஒலி ஒன்றே என்று உறுதியானதும் விஎஸ்டி2-ஐ நீக்குங்கள்.

அதை நீக்கும் முன் ஆட்டோமேஷனைப் பாருங்கள். உங்கள் ஃபில்டர் கோடு வேறு நாபைத் திருப்புவதற்குக் காரணம் இதுவே. விஎஸ்டி2-இல் ஒவ்வொரு நாபுக்கும் வரிசை எண் மட்டுமே உண்டு: 0, 1, 2 என்று. விஎஸ்டி3-இல் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். வகை மாறும்போதும், ப்ளக்-இனின் புதிய பதிப்பில் நடுவில் ஒரு நாப் சேரும்போதும் இந்த வரிசை நகரலாம். 14-ஆவது எண்ணில் கட்ஆஃப் இருந்த இடத்தில் ரெசனன்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். விஎஸ்டி2-இன் என்வலப்பில், அதாவது ஆட்டோமேஷன் கோட்டில், உள்ள எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்து நகலெடுங்கள். விஎஸ்டி3-இன் அதே பெயருள்ள நாபுக்குப் புது என்வலப் திறந்து, எடிட் கர்சரைத் தொடக்கப் புள்ளியில் வைத்து ஒட்டுங்கள். ஒட்டியபின் ஓரிரண்டு இடத்தில் ஓடவிட்டு நாபில் காட்டும் ஹெர்ட்ஸ் மதிப்பை ஒப்பிடுங்கள். கோட்டின் வடிவம் ஒன்றாக இருப்பது போதாது. 0 முதல் 1 வரையிலான அளவை ஹெர்ட்ஸாக மாற்றும் விதம் பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்ட ப்ளக்-இன்களும் உண்டு.

இரண்டு கணினியிலும் ப்ளக்-இனின் பதிப்பு எண் ஒன்றாக இருக்கட்டும். மேக்கில் புதிதாக இறக்கியதால் அங்கே புதியதும் விண்டோஸில் பல வருடப் பழையதும் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பதிப்பு சேமித்த நிலையைப் புதியது பெரும்பாலும் படித்துவிடும். ஆனால் புதியது சேமித்ததைப் பழையதால் படிக்க முடியாமல் போவது வழக்கம். லினக்ஸ் நண்பருக்குத் திருப்பி அனுப்பும்போது அதில்தான் மாட்டுவீர்கள். விண்டோஸிலும் புதுப்பித்து, புராஜெக்ட்டைத் திறந்து, காதால் கேட்டு, மறுபடி சேமியுங்கள். புதுப்பிக்கும் முன் பழைய இன்ஸ்டாலரைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி மிக முக்கியமான வேலை: ஒலியாக எடுத்து வைப்பது. எல்லா ப்ளக்-இனும் மேக்கில் கிடைக்கும் என்று நம்பினாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள். ரீப்பரில் இதற்கு ஃப்ரீஸ் மிக நல்ல வழி. டிராக்கை ஸ்டீரியோவாக ஃப்ரீஸ் செய்தால் ஒலிக் கோப்பு உருவாகும், செயினில் இருந்த ப்ளக்-இன்களும் அவற்றின் அமைப்பும் புராஜெக்ட்டுக்குள் மடித்து வைக்கப்படும். மேக்கில் திறந்தவுடன் ஒலி கேட்கும். ப்ளக்-இன் மேக்கில் இருந்தால் அன்ஃப்ரீஸ் செய்து மேற்கொண்டு திருத்தலாம். இல்லாவிட்டால் அந்த ஒலியோடு வேலையைத் தொடரலாம். ரிவெர்ப், டிலே உள்ள டிராக்குகளுக்கு ரெண்டர் அமைப்பில் வால் நீளத்தை 5 முதல் 8 விநாடி வரை வையுங்கள். நீண்ட ஹால் ரிவெர்ப் என்றால் இன்னும் கூட்டுங்கள். வால் அறுபட்டுப் போனால் அதைத் திரும்பப் பெற விண்டோஸ் கணினியே வேண்டும்.

ஃப்ரீஸ் ரீப்பருக்குள் மட்டும் புரிகிற விஷயம். அதனால் பாட்டுக்கு ஒரு தொகுதி ஸ்டெம்களும், அதாவது டிராக்குக்கு ஒன்றாக ஒலிக் கோப்புகளும், தனியாக எடுங்கள். வேவ் வடிவம், 32 பிட் ஃப்ளோட், புராஜெக்ட்டின் அதே சாம்பிள் ரேட், எல்லா ஸ்டெம்மும் முதல் பாரின் தொடக்கத்திலிருந்து. நடுவில் நுழைகிற வாத்தியத்துக்கும் முன்னால் வெற்று ஒலியோடு எடுத்தால், எந்த மென்பொருளில் போட்டாலும் தொடக்கத்தில் வைத்தாலே இடத்தில் பொருந்தும். 24 பிட் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் உள்ளே 0 டெசிபலைத் தாண்டி ஓடும் டிராக் இருந்தால் 24 பிட் அதை வெட்டிவிடும், ஃப்ளோட் வெட்டாது. முக்கியமான குரல், கிட்டார் டிராக்குகளுக்கு எஃபெக்ட் இல்லாத ஒன்றும் எஃபெக்ட்டோடு ஒன்றுமாக இரண்டு எடுங்கள். கிக் அடிக்கும்போதெல்லாம் சைட்செயினில் அமுங்கும் பேஸ் போன்றவற்றைத் தனியாக சோலோ போட்டு எடுக்காதீர்கள். கிக் டிராக் ஒலிக்காவிட்டால் அமுக்கமே நடக்காது. சோலோ இல்லாமல், ரெண்டர் சாளரத்தில் ஸ்டெம் தேர்வைப் பயன்படுத்துங்கள். இதோடு வாத்தியங்களின் மிடியை (நோட் விவரத்தை) டெம்போ விவரத்துடன் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ப்ளக்-இன் நாப்களின் ஆட்டோமேஷன் மிடி கோப்பில் வராது என்பது நினைவில் இருக்கட்டும்.

மேக்கில் கிடைக்காத அந்தப் பழைய இலவச சிந்த்கள் பற்றி. விண்டோஸ் ரீப்பர் 32 பிட் ப்ளக்-இன்களைச் சத்தமில்லாமல் இடையில் ஒரு பாலம் போட்டு ஓட்டிவிடும். அதனால் நீங்கள் இத்தனை காலம் 32 பிட் சிந்த் பயன்படுத்துவதே தெரியாமல் இருந்திருக்கலாம். சிந்த்எடிட் என்ற கருவியில் உருவான பழைய சிந்த்களில் பெரும்பாலானவை இப்படி 32 பிட் விண்டோஸ் டிஎல்எல்லாக மட்டுமே இருப்பவை. மேக் 2019-இல் வந்த கேட்டலினாவிலேயே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. இவற்றுக்கு வழி தேடி நேரம் வீணாக்க வேண்டாம். பாட்டில் பயன்பட்ட பகுதியை ஒலியாக எடுங்கள். அந்த ஒலி இனிவரும் பாட்டுகளிலும் வேண்டும் என்றால், இப்போதே அதைச் சாம்பிளாக்கி விடுங்கள். 5 ஆக்டேவுக்கு 3 அரைச்சுருதிக்கு ஒரு நோட் வீதம் 21 நோட்கள், மெல்லியதும் பலத்ததுமாக இரண்டு வெலாசிட்டி, மொத்தம் 42 கோப்புகள். ஒவ்வொரு நோட்டையும் 4 முதல் 6 விநாடி பிடித்து, விட்டபின் வால் அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். கோரஸ், ரிவெர்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுத்தால் பின்னால் விருப்பம்போல் பயன்படுத்தலாம். எந்த சாம்ப்ளரிலும் இதை ஏற்றலாம். 30 நிமிட வேலை, ஒலி உங்களோடு வந்துவிடும்.

சாம்பிள் பாதைகள். புராஜெக்ட்டை ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது எல்லா மீடியாவையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் தேர்வைப் போடுங்கள். டி டிரைவில் எங்கோ இருந்த லூப்கள் உள்ளே வந்துவிடும், பாதையும் புராஜெக்ட்டுக்குச் சார்பானதாக மாறிவிடும். ஆனால் இது டிராக்கில் இருக்கும் ஒலிக்கோப்புகளுக்கு மட்டுமே. காண்டாக்ட்டின் உள்ளே இருக்கும் சாம்பிள், கான்வல்யூஷன் ரிவெர்பின் இம்பல்ஸ், சிந்த்தில் நீங்கள் இழுத்துப் போட்ட வேவ்டேபிள் எல்லாம் அந்த எழுத்துக் குவியலுக்குள் ‘டி டிரைவ், இந்த ஃபோல்டர்’ என்று முழு முகவரியாக உறைந்திருக்கும். மேக்கில் டி டிரைவ் என்று ஒன்று கிடையாது.

உங்கள் ரிவெர்ப் மாறியதற்கு எனக்கு முதலில் தோன்றும் காரணம் இதுதான். இம்பல்ஸ் கோப்பைக் காணாவிட்டால் சில ரிவெர்ப்கள் புகார் சொல்லாமல் தங்கள் இயல்பான இம்பல்ஸை ஏற்றிக்கொள்ளும். கோப்பின் பெயரை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் சாம்பிள் ரேட்: விண்டோஸில் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடி, மேக்கில் 48-இல் ஓடினால், இரண்டையும் காது பிரித்தறியக்கூடிய ப்ளக்-இன்கள் உண்டு, குறிப்பாக சாச்சுரேஷனும் பழைய ஈக்யூக்களும். புராஜெக்ட் அமைப்பில் சாம்பிள் ரேட்டைக் குறிப்பிட்டுப் பூட்டிவிடுங்கள்.

காண்டாக்ட்டுக்கு: அதைச் செய்த நிறுவனத்தின் நேட்டிவ் ஆக்ஸஸ் செயலி மூலம் பதிவான லைப்ரரிகளை மேக்கில் அதே செயலியில் இடம் காட்டினால் போதும். பதிவாகாத, ஃபோல்டராக மட்டும் கிடைத்த லைப்ரரிகளை உள்ளிருக்கும் எந்தப் பெயரும் மாறாமல் முழுதாக நகலெடுங்கள். காணாமல் போன சாம்பிள்களுக்கான சாளரம் வரும்போது ஒவ்வொரு கோப்பாகக் காட்டாமல், மேல்மட்ட ஃபோல்டரைக் காட்டித் தேடச் சொல்லுங்கள். முழுப் பதிப்புக் காண்டாக்ட் இருந்தால் அதன் ‘பேட்ச் ரீசேவ்’ மூலம் லைப்ரரி முழுவதற்கும் புதிய பாதையை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். செய்யும் முன் லைப்ரரியின் ஒரு பிரதி தனியே இருக்கட்டும்.

கொண்டுபோகும் டிரைவ் எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கட்டும். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் மேக் எழுதும்போது ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய ஒரு சின்னக் கோப்பை உருவாக்கும். அதே பெயர், அதே வேவ் நீட்டிப்பு, ஆனால் சில கிலோபைட்தான். சாம்ப்ளர் இவற்றையும் ஒலி என்று நினைத்து ஏற்றப் பார்த்துப் பிழை காட்டும். நண்பருக்கு அனுப்பும் முன் அவற்றை நீக்குங்கள்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இது இன்னும் முக்கியம். ‘கோரஸ்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் வட்டு வடிவமான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவில் வைக்கும்; விண்டோஸில் தட்டச்சு செய்ததோ பொதுவாக ஒரே குறியாக இருக்கும். அப்படிப்பட்ட டிரைவ் வழியாக ஒரு சுற்று போய் லினக்ஸுக்கு வந்தால், புராஜெக்ட்டில் எழுதிய பெயரும் வட்டில் இருக்கும் பெயரும் பைட்டளவில் வேறு. கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘காணவில்லை’ என்று வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்த நிலை உண்டு. மூன்று இயங்குதளங்களுக்கு இடையே நடமாடும் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வைப்பதே நல்லது. லினக்ஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்தை வேறாகப் பார்க்கும் என்பதும் இதில் அடங்கிவிடும். மேக்கில் ஃபோல்டருக்கு ஏ-யூ-எக்ஸ் என்ற மூன்றெழுத்தை மட்டும் பெயராக வைத்தால் விண்டோஸ் அதை ஏற்காது; பழைய காலத்திலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அது.

இப்போது மேக் பக்கம். இன்ஸ்டாலரில் ‘கஸ்டமைஸ்’ என்ற பொத்தானை அழுத்தி விஎஸ்டி3-ஐத் தேர்ந்து, ஏயூ-வை விட்டுவிடுங்கள். ஏயூ மேக்கில் மட்டுமே இருப்பது. அதில் நீங்கள் வேலை செய்து சேமித்தால் லினக்ஸ் நண்பருக்கு அந்த ப்ளக்-இன் ஒருபோதும் திறக்காது, ஏயூ-வின் நிலையை விஎஸ்டி3-க்குத் தானாக மாற்றித் தர யாரும் இல்லை. ரீப்பரின் விருப்பங்களில் ஏயூ-வை அணைத்தும் வைக்கலாம். மேக்கில் விஎஸ்டி3-இன் இடம் லைப்ரரி, ஆடியோ, ப்ளக்-இன்ஸ், விஎஸ்டி3 என்ற வரிசையில் உள்ள ஃபோல்டர். பயனரின் சொந்த லைப்ரரியிலும் இதே பெயரில் இன்னொன்று இருக்கலாம். ஒரே ப்ளக்-இன் இரண்டிலும் இருந்தால் எது ஏறுகிறது என்று தெரியாமல் பதிப்புக் குழப்பம் வரும். ஒன்றை நீக்குங்கள்.

‘சரிபார்க்கப்படாத உருவாக்குநர்’ என்று மேக் தடுத்தால் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தாதீர்கள். நம்பகமான இடத்திலிருந்து இறக்கியது என்றால், அந்தச் சாளரத்தை மூடிவிட்டு, சிஸ்டம் அமைப்பில் பிரைவசி, செக்யூரிட்டி பகுதியில் கீழே வரும் அனுமதிப் பொத்தானை அழுத்தி, ரீப்பரில் ‘கேஷை அழித்து மறு ஸ்கேன்’ கொடுங்கள். ஒருமுறை தோல்வியுற்ற ப்ளக்-இனைச் சாதாரண ஸ்கேன் மறுபடி தொடாது.

எம் வகைச் சிப்புக்கென்று தொகுக்கப்படாத, இன்டெல் மேக்குக்கு மட்டும் வந்த ப்ளக்-இன்களை மேக் ரீப்பர் ரொசெட்டா என்ற ஆப்பிளின் நிரல் மொழிமாற்றி வழியாகத் தனிப் பாலம் போட்டு ஓட்டும். கொஞ்சம் கூடுதல் சுமை, சில நேரம் சாளரம் தடுமாறும், ஆனால் ஒலி சரியாக வரும். இதை நிரந்தர வழியாக நினைக்க வேண்டாம். ரொசெட்டா மேக் ஓஎஸ் 27 வரை முழுமையாகத் தொடரும் என்றுதான் ஆப்பிள் 2025-இல் அறிவித்திருக்கிறது. இப்படி ஓடுகிற ப்ளக்-இன் உள்ள டிராக்குகளையும் ஃப்ரீஸ் பட்டியலில் சேருங்கள்.

முதல்முறை புராஜெக்ட்டைத் திறக்கும்போது, திறக்கும் சாளரத்தில் எஃபெக்ட்களை ஆஃப்லைனில் வைத்துத் திறக்கும் தேர்வைப் போடுங்கள். பிறகு டிராக் டிராக்காக ஆன்லைன் கொண்டுவந்தால், திறந்தவுடன் செயலிழக்க வைக்கும் ப்ளக்-இன் எது என்று கையோடு பிடிபடும். எல்லாம் சரி என்று தெரியும்வரை மூலக் கோப்பின் மேல் சேமிக்காதீர்கள்.

‘சரி’ என்பதைக் காதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். விண்டோஸில் எடுத்த ஸ்டெம்மை மேக்கில் அதே டிராக்கின் புதிய ரெண்டரோடு பக்கத்தில் வைத்து, ஒன்றின் ஃபேஸ் பொத்தானை அழுத்தித் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றையொன்று அழித்து மீட்டர் மிக அடியில், -100 டெசிபலுக்கும் கீழே கிடந்தால் அந்த டிராக் பத்திரமாக வந்துவிட்டது. இன்டெல்லுக்கும் எம் சிப்புக்கும் இடையிலான கணக்கீட்டு வேறுபாடு அந்த அளவில்தான் இருக்கும். தாளத்தோடு ஏதாவது மீந்து கேட்டால் அமைப்பு மாறியிருக்கிறது. கோரஸ், மாடுலேஷன் உள்ள ரிவெர்ப், அனலாக் சிந்த்தைப் போல ஒவ்வொரு நோட்டிலும் சற்றே விலகும் சிந்த்கள் மட்டும் ஒரே கணினியில் இரண்டு முறை எடுத்தாலே அழியாது; அவற்றுக்குக் காதுதான் கதி.

லினக்ஸ் நண்பருக்கு வருவோம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், பியானோடெக் போன்றவை மூன்று இயங்குதளத்துக்கும் சொந்தப் பதிப்பு வைத்திருக்கின்றன. இருவரும் சேர்ந்து செய்யும் புதிய பாட்டுகளில் இவற்றையும் ரீப்பரின் சொந்தக் கருவிகளையும் அடித்தளமாக வைத்தால் பாதித் தொல்லை குறையும். விண்டோஸுக்கு மட்டும் உள்ள பலவற்றை அவர் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயினும் யாபிரிட்ஜும் போட்டு ஓட்டலாம். ஓடுவது விண்டோஸ் ப்ளக்-இனே என்பதால் நீங்கள் விண்டோஸில் சேமித்த அமைப்பை அது படிக்கும். ஐலாக் என்ற லைசென்ஸ் காப்பு முறையில் பூட்டிய ப்ளக்-இன்களை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஐலாக்குக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. அவற்றை ஃப்ரீஸ் செய்தே அனுப்புங்கள். நாளை இருவரில் ஒருவர் பிட்விக், ஸ்டூடியோ ஒன், க்யூபேஸ் போன்ற வேறு இசை மென்பொருள் பக்கம் போனால், 2023-இல் வந்த டாபுராஜெக்ட் என்ற பொதுக் கோப்பு வடிவம் டிராக், ஆட்டோமேஷனோடு ப்ளக்-இன் நிலையையும் சுமந்து செல்லும். ரீப்பர் அதை நேரடியாக எழுதாது; தனி மாற்றுக் கருவி வேண்டும். ப்ளக்-இன் அங்கே இருக்க வேண்டும் என்பது மாறாது.

இத்தனையும் முடிந்து, மேக்கில் ஒவ்வொரு பாட்டும் திறந்து, ஸ்டெம்கள் இரண்டு வெவ்வேறு டிரைவில் இருக்கின்றன என்றான பிறகு, விண்டோஸில் கடைசி வேலையாக லைசென்ஸ்களைக் கழற்றுங்கள். ஐலாக்கில் கணினியின் மேல் வைத்திருக்கும் லைசென்ஸை டீஆக்டிவேட் செய்து கணக்குக்குத் திருப்புங்கள். வேவ்ஸ் லைசென்ஸை வேவ்ஸ் சென்ட்ரலில் கிளவுடுக்கு மாற்றுங்கள். சொந்தச் செயலியில் ஆக்டிவேட் ஆகும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்தக் கணினியை விடுவியுங்கள். கழற்றாமல் ஃபார்மேட் செய்தால், இல்லாத கணினியில் சிக்கிய ஆக்டிவேஷனை மீட்க ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதிக் காத்திருக்க வேண்டிவரும். வரிசை எண்கள், வாங்கிய ரசீதுகள், பழைய விண்டோஸ் இன்ஸ்டாலர்கள், உங்கள் சொந்த பிரீசெட் ஃபோல்டர்கள் இவற்றையும் நகலெடுத்துவிட்டு, அதன்பின் தம்பியிடம் கொடுங்கள்.